ஸ்போர்ட் மோடைத் தொடுவதற்கு முன்: ஸ்போர்ட்டி செடானை டெஸ்ட் டிரைவ் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்போர்ட்டி செடான், முதல் பத்து நிமிடத்திலேயே ஆளை மயக்கிவிட வேண்டும் என்ற நோக்கத்தோடு உருவாக்கப்படும் கார். விற்பனையாளருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் காட்டும் பாதையில் மேடுபள்ளம் இல்லாத தார்ச்சாலை இருக்கும், நேராக நீண்டு கிடக்கும் ஒரு பகுதி இருக்கும், சொகுசான ஒரு வளைவும் இருக்கும். திரும்பி வந்து இறங்கும்போது உங்கள் முகத்தில் தெரியும் சிரிப்பிலேயே பாதி விற்பனை முடிந்துவிடுகிறது.

அந்தச் சிரிப்பு பொய்யானது அல்ல. ஆனால் இந்தக் காரோடு நீங்கள் கழிக்கப்போகும் நேரத்தில் பெரும்பகுதி நெரிசலிலும், வேகத்தடைகளின் மேலும், பார்க்கிங் சரிவுகளிலும்தான் போகும். வேகமாகப் போகும் என்பது தெரிந்த விஷயம். அதற்காகத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறோம். மெதுவாகப் போகும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் தெரியாத விஷயம். ஆகவே இந்த வழிகாட்டியில் வேகத்தைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

1. முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவை

'டெஸ்ட் டிரைவ் வேண்டும்' என்று மட்டும் சொன்னால், அன்று எந்தக் கார் கையில் இருக்கிறதோ அதைத்தான் தருவார்கள். நீங்கள் வாங்க நினைக்கும் அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ், அதே சக்கர அளவு கொண்ட கார் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நிறம் எதுவானாலும் பரவாயில்லை. சக்கர அளவு மாறினால் பயணச் சுகமே மாறிவிடும். கியர்பாக்ஸ் மாறினால் அது வேறு கார் என்றே வைத்துக்கொள்ளலாம். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் 6 ஸ்பீடு மேனுவலிலும் வருகிறது, சிவிடி (தனித்தனிக் கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும்) வகை ஆட்டோமேட்டிக்கிலும் வருகிறது. ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றொன்றை வாங்குவது, ஓட்டிப் பார்க்காமலே வாங்குவதற்குச் சமம்.

எவ்வளவு நேரம் தருவார்கள் என்று கேளுங்கள். கால் மணி நேரம் போதாது. நாற்பது நிமிடமாவது வேண்டும். பாதையை நீங்களே சொல்லலாமா என்றும் கேளுங்கள். நான் வரும் முன் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்றும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். குளிர்ந்த நிலையில் இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது, முதல் சில நிமிடங்களில் கியர்கள் எப்படி விழுகின்றன என்பதைத்தான் நீங்கள் தினமும் காலையில் சந்திக்கப்போகிறீர்கள்.

ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கட்டும். டெஸ்ட் டிரைவின்போது காருக்குக் காப்பீடு உண்டா, ஏதாவது இடித்துவிட்டால் உங்கள் பங்காக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். படிக்க நேரம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் பழைய காரை அன்று காலையில் அதே பாதையில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். புதிய காரின் இரைச்சலும் குலுங்கலும் கூடுதலா குறைவா என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். ஷோரூமுக்குள் நுழைந்த பிறகு அந்த அளவுகோல் காணாமல் போய்விடும்.

கூடவே ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பின் இருக்கையில் உட்காரப் போகிறவராக இருந்தால் மிகவும் நல்லது. காருக்கு மயங்காதவராக இருந்தால் அதைவிட நல்லது.

2. சாவியை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள்

முதலில் காரைச் சுற்றி வாருங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல்களை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிய தூரத்தைப் பாருங்கள். டெமோ கார் பலருடைய கைகளில் அடிபட்டிருக்கும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் அதிர்வது, கிளட்ச் பிடிக்கும் இடம் விசித்திரமாக இருப்பது போன்ற குறைகள் அந்தக் குறிப்பிட்ட காருடையவையா, அந்த மாடலுக்கே உரியவையா என்று பிரித்துப் பார்க்க இந்தத் தகவல் உதவும். மாறாக, மிகக் குறைவாக ஓடியிருந்தால் இன்ஜின் இன்னும் பதப்படவில்லை என்று பொருள். அதை விரட்டுவது உங்களுக்கும் அழகல்ல, அதைப் பின்னால் வாங்கப்போகிறவருக்கும் நல்லதல்ல.

அடுத்து டயர்கள். பக்கச்சுவரில் 225/45 ஆர்17 என்பதுபோல எழுதியிருக்கும். 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 17 என்பது அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம். கணக்குப் போட்டால் இந்த டயரின் பக்கச்சுவர் சுமார் 101 மில்லிமீட்டர் உயரம். ஹூண்டாயின் 'எலான்ட்ரா என்' (Elantra N) காரில் வரும் 245/35 ஆர்19 டயருக்கு அதுவே சுமார் 86 மில்லிமீட்டர்தான். பள்ளத்தில் இறங்கும்போது உங்கள் முதுகெலும்புக்கும் சாலைக்கும் இடையே உள்ள முதல் மெத்தை இந்தப் பக்கச்சுவர்தான். அது குறையக் குறையத் திருப்பங்களில் துல்லியம் கூடும். அதேசமயம் ரிம் அடிபடும் வாய்ப்பும், புதிய டயருக்கு ஆகும் செலவும் கூடும். நான்கு இலக்கத் தேதிக் குறியையும் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர்.

காற்றழுத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலிருந்து அனுப்பும்போது டயர்களில் கூடுதல் காற்று நிரப்பி அனுப்புவது வழக்கம். அதை இறக்க மறந்த காரை ஓட்டிவிட்டு 'சஸ்பென்ஷன் கல்லாக இருக்கிறது' என்று தீர்ப்புச் சொன்னால் கார் மீது பழி போட்டதாகிவிடும். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

3. இருக்கைக்கு ஐந்து நிமிடம்

இந்த ஐந்து நிமிடத்தைத்தான் பெரும்பாலானோர் தவிர்க்கிறார்கள். விற்பனையாளர் பக்கத்தில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டதும் ஏதோ அவசரம் போலத் தோன்றும். அவருக்கு அவசரம் இருக்கலாம், உங்களுக்கு இல்லை.

இடுப்பை இருக்கையின் கடைசிவரை தள்ளி உட்காருங்கள். பிரேக்கை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். மேனுவல் என்றால் கிளட்ச்சை வைத்து இதைப் பாருங்கள். பிறகு தோள்கள் இருக்கையை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். இதற்கு ஸ்டீயரிங் மேலும் கீழும் மட்டுமல்லாமல் முன்னும் பின்னும் நகர வேண்டும். நகரும் தூரம் உங்கள் உடல்வாகுக்குப் போதவில்லை என்றால் அந்தக் கார் உங்களுக்கானது அல்ல. இது சரிசெய்ய முடியாத குறை.

இருக்கையை எவ்வளவு தாழ்த்த முடிகிறது என்று பாருங்கள். இருக்கையின் பக்கத் திண்டுகளையும் கவனியுங்கள். வளைவுகளில் உடலைப் பிடித்து வைப்பதற்காக அவை உயர்த்தப்பட்டிருக்கும். ஒல்லியானவருக்கு அது அணைப்பாக இருக்கும். அகன்ற உடம்புக்காரருக்கு விலாவில் குத்தும். ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு அது எப்படியிருக்கும் என்று இப்போதே கற்பனை செய்துகொள்ளுங்கள். நான்கைந்து முறை இறங்கி ஏறியும் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர் வீட்டில் இருந்தால் அவரையும் ஏறச் சொல்லுங்கள்.

கண்ணாடியைத் தாங்கும் முன்பக்கத் தூண் எதை மறைக்கிறது, பின்கண்ணாடி வழியாக என்ன தெரிகிறது என்று பாருங்கள். கூரை பின்னால் சரிந்து இறங்கும் செடான்களில் பின்கண்ணாடி ஒரு தபால்பெட்டி வாய் போலச் சுருங்கிவிடும். கேமரா இருக்கிறதே என்பார்கள். மழையில் அந்தக் கேமராவின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் போதும், மீண்டும் கண்ணாடியைத்தான் நம்ப வேண்டும்.

ஏசி, ஒலி அளவு போன்ற அன்றாட விஷயங்களைச் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் மாற்ற முடிகிறதா என்பதை நின்ற நிலையிலேயே சோதித்துவிடுங்கள். பாட்டு அமைப்பை அணைத்துவிடுங்கள். அது எப்படி ஒலிக்கிறது என்பதைத் திரும்பி வந்து கேட்டுக்கொள்ளலாம்.

4. நடக்கும் வேகத்தில் தொடங்குங்கள்

கார் இப்போது நார்மல் மோடில், அதாவது சாதாரண ஓட்ட நிலையில் இருக்கட்டும். விற்பனையாளர் உங்களுக்கு முன்பே ஸ்போர்ட்டில் போட்டு வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஷோரூம் வாசலைத் தாண்டும் முன்பே முதல் சோதனை வந்துவிடும். பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் காரை ஊரவிடுங்கள். டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச்கள் மாறி மாறி வேலை செய்யும்) கியர்பாக்ஸ்களின் உண்மையான குணம் இங்கேதான் தெரியும். உள்ளே இருப்பது கணினி இயக்கும் கிளட்ச். நிற்பதும் நகர்வதுமான நெரிசலில், ஆட்டோமேட்டிக் என்று நம்பி வாங்கியவருக்குப் புதிதாக ஓட்டக் கற்பவர் பக்கத்தில் உட்கார்ந்த உணர்வை அது தரக்கூடும். ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடியில் இருக்கும் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி (அந்த நிறுவனத்தின் டூயல் கிளட்ச்) உலர் கிளட்ச் வகையைச் சேர்ந்தது. 'எலான்ட்ரா என்' காரின் 8 ஸ்பீடு டூயல் கிளட்ச் எண்ணெயில் மூழ்கி இயங்கும் ஈர வகை. நெரிசலில் ஏறும் சூட்டைத் தாங்குவதில் ஈர வகைக்குப் பொதுவாக ஒரு படி கூடுதல் பொறுமை உண்டு. பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் வருவது போன்ற, எண்ணெய் வழியாக ஆற்றலைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்குகள் இந்தச் சோதனையில் அநேகமாகச் சிரமமின்றித் தேறிவிடும்.

ஒரு சரிவைக் கண்டுபிடித்து அதில் நின்று கிளம்புங்கள். அதே சரிவில் ரிவர்ஸிலும் ஏறுங்கள். ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக நகர்த்த முடியாத காரை நெருக்கமான பார்க்கிங்கில் வைத்துக்கொண்டு தவிப்பது தினசரி எரிச்சல்.

மேனுவல் என்றால் கவனிக்க வேண்டியவை வேறு. கிளட்ச்சின் எடை, அது பிடிக்கும் இடம் தெளிவாகத் தெரிகிறதா என்பது, 2-இலிருந்து 3-க்குப் போகும்போது லீவர் தானாக வழி கண்டுபிடிக்கிறதா என்பது. கிளட்ச்சை மிதித்த பிறகும் சுழற்சி வேகம் இறங்க மறுத்துச் சில நொடி தொங்கி நிற்கும் பழக்கம் இன்றைய பல இன்ஜின்களுக்கு இருக்கிறது. விரைவாகக் கியர் மாற்றும்போது இது ஒரு சிறு குலுக்கலாக வெளிப்படும். பழகிவிடும் என்று விற்பனையாளர் சொல்வார். உண்மைதான், பழகிவிடும், ஆனால் பழகுவது நீங்கள், கார் அல்ல.

ஒரு யூ திருப்பம் போடுங்கள். அகலமான டயர் வைத்த சில ஸ்போர்ட் வகைகள் சாதாரண வகையைவிடப் பெரிய வட்டத்தில்தான் திரும்பும். பழைய காரில் ஒரே மூச்சில் திரும்பிய இடத்தில் நீங்கள் முன்னும் பின்னும் போக நேரிடலாம்.

5. கெட்ட சாலையைத் தேடிப் போங்கள்

வேகத்தடை, ஒட்டுப்போட்ட தார், சிமென்ட் பலகைகளின் இணைப்புகள், ஒரு பள்ளம் என எல்லாம் இருக்கும் சாலை ஒன்று வேண்டும். இங்கே 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். விறைப்பான சஸ்பென்ஷன் தன்னளவில் குறையல்ல. ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் கார் ஒரே அசைவில் அடங்கிவிட்டால் அது நல்ல விறைப்பு. இறங்கிய பிறகும் துள்ளிக்கொண்டே இருந்தாலோ, சிறு ஒட்டுகளில்கூடத் தலை பக்கவாட்டில் ஆடினாலோ, அது வெறும் முரட்டுத்தனம். சஸ்பென்ஷனை மென்மைக்கும் விறைப்புக்கும் மாற்றும் வசதி இருந்தால் மிக மென்மையான நிலையில் இதே சாலையை ஒருமுறை கடந்து பாருங்கள். அதிலேயே உங்களால் பொறுக்க முடியவில்லை என்றால் மற்ற நிலைகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

வேகத்தடையில் அடிப்பாகம் உரசுகிறதா என்பதை ஆட்கள் நிறைந்த காரில்தான் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் போய் வந்து 'உரசவில்லை' என்பது அரைச் சோதனை. தாழ்ந்த முன் பம்பர் உள்ள காரில் அடித்தளப் பார்க்கிங்கின் சரிவு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மிக மெதுவாகக் கடந்து பாருங்கள்.

இந்தச் சாலையைத் தாண்டியதும் காதையும் திறந்து வையுங்கள். சொரசொரப்பான தாரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் டயர் இரைச்சல் பேச்சுக்குக் குறுக்கே நிற்கிறதா என்று பின் இருக்கையில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் எதையாவது கேளுங்கள். அவர் 'என்ன?' என்றால் பதில் கிடைத்துவிட்டது.

6. இப்போது ஸ்போர்ட் மோட்

இன்ஜின் சூடாகி இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் நீரைவிட ஆயில் சூடாக அதிக நேரம் எடுக்கும் என்பதால் இந்தக் காத்திருப்பு நியாயமானது.

ஸ்போர்ட் பட்டனை அழுத்தியதும் கார் முன்னே பாயத் துடிப்பது போல இருக்கும். என்ன நடக்கிறது? ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும் இன்ஜினுக்கும் இடையே இப்போது கம்பி கிடையாது. மின்னணுக் கட்டளைதான் போகிறது. ஸ்போர்ட்டில், பெடலைக் கால்வாசி மிதித்தாலே அரைவாசி மிதித்தது போல இன்ஜினுக்குச் செய்தி போகிறது. கியர்பாக்ஸும் கீழ்க் கியரிலேயே காத்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் மொத்த ஆற்றல் அதேதான். சீக்கிரமாகக் கைக்கு வருகிறது, அவ்வளவே. விதிவிலக்குகள் உண்டு. 'எலான்ட்ரா என்' காரின் டூயல் கிளட்ச் வகையில் ஸ்டீயரிங்கிலுள்ள ஒரு பட்டன் 276 குதிரைத்திறனை 20 விநாடிகளுக்கு 286 ஆக உயர்த்தும். அதுகூட விளையாட்டுக்குத்தான்.

ஆகவே இப்படிச் சோதியுங்கள். காலியான, நேரான, வேக வரம்பு இடம் கொடுக்கும் சாலையில், நார்மல் மோடில் 40-இலிருந்து 80 வரை பெடலை முழுவதும் மிதித்துப் போங்கள். பிறகு ஸ்போர்ட்டில் அதையே செய்யுங்கள். மேனுவல் என்றால் இரண்டு முறையும் ஒரே கியரில். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றால் நீங்கள் ரசித்தது பெடலின் அமைப்பைத்தான் என்பது புரிந்துவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அதை ஆற்றல் என்று எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்டீயரிங்கிலும் இதே கதை. ஸ்போர்ட்டில் அது கனமாகும். கனம் வேறு, உணர்வு வேறு. முன்சக்கரங்கள் சாலையைப் பற்றியிருப்பது கையில் தெரிகிறதா, நேராகப் போகும்போது சிறு அசைவுக்கும் கார் பதில் சொல்கிறதா என்பதைப் பாருங்கள். பல கார்களில் நார்மல் மோடின் லேசான ஸ்டீயரிங்தான் அதிகம் பேசும்.

சத்தத்தையும் நம்பிவிடாதீர்கள். இன்று பல டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) கார்கள் இன்ஜின் ஒலியை ஸ்பீக்கர்கள் வழியாகவோ வேறு கருவி வழியாகவோ கூட்டித் தருகின்றன. அணைக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் அணைத்துவிட்டுக் கேளுங்கள். எஞ்சி நிற்பதுதான் இன்ஜினின் சொந்தக் குரல்.

டர்போவின் தாமதத்தைச் சோதிக்க, மேனுவலில் 3-ஆவது கியரில் நிமிடத்துக்கு 1,500 சுழற்சிக்கு அருகே மெல்லப் போய்க்கொண்டிருக்கும்போது பெடலை நன்றாக மிதியுங்கள். மிதித்ததற்கும் இழுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம்? கையேட்டில் உச்ச குதிரைத்திறனைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். அதைவிட, டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) எந்தச் சுழற்சியில் தொடங்குகிறது என்ற சிறிய எழுத்துதான் உதவும். விர்டஸ் ஜிடியின் 1.5 லிட்டர் டர்போ, 250 நியூட்டன் மீட்டர் டார்க்கை 1,600-இலிருந்து 3,500 சுழற்சி வரை தருகிறது. ஹோண்டா சிவிக் எஸ்ஐ சுமார் 260 நியூட்டன் மீட்டரை 1,800-இலிருந்து 5,000 வரை இழுத்துச் செல்கிறது. முன்னது நகரத்தில் சோம்பலாக ஓட்டுபவருக்கு வசதி. பின்னது கியரை நீட்டிப் பிடித்து ஓட்டுபவருக்கு.

7. வளைவும் பிரேக்கும்

நல்ல வளைவில் வேகமாகப் போனால்தான் காரைப் பற்றித் தெரியும் என்பது தவறான எண்ணம். வரம்புக்குள்ளேயே, ஆனால் தயக்கமில்லாமல் ஒரே சீராகத் திருப்புங்கள். திருப்பத் தொடங்கியதும் மூக்கு உடனே திரும்புகிறதா, பின்பகுதி அதோடு சேர்ந்து வருகிறதா, அல்லது ஒரு நொடி யோசித்துவிட்டு வருகிறதா? வளைவின் நடுவே ஒரு மேடு இருந்தால் பின்பக்கம் தாவுகிறதா? பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு) வைத்த கார்களில் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

முன்சக்கர இயக்கக் கார் என்றால், சந்திப்பிலிருந்து திரும்பி வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரைத் தாராளமாகக் கொடுத்துப் பாருங்கள். ஸ்டீயரிங் கையைப் பிய்த்துக்கொண்டு ஒரு பக்கம் இழுக்கலாம், அல்லது உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலலாம். சிவிக் எஸ்ஐ, 'எலான்ட்ரா என்' இரண்டிலும் இருக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் கருவி) இதைக் குறைப்பதற்காகத்தான். இந்தக் கருவி இல்லாத காரில் 150 குதிரைத்திறனே சில சமயம் போதும் என்று தோன்றிவிடும்.

பிரேக்கை முதலில் மென்மையாகச் சோதியுங்கள். சிக்னலில் நிற்கும்போது கடைசி ஓர் அடியில் தலை ஆடாமல் நிறுத்த முடிகிறதா? பிறகு விற்பனையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, 50 கிலோமீட்டரிலிருந்து ஒரு முழு அவசர பிரேக். பெடல் காலடியில் அதிரும். ஏபிஎஸ் (சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது என்று பொருள், காலை எடுக்காதீர்கள். கார் நேராக நிற்க வேண்டும். சொல்லாமல் செய்தால் விற்பனையாளர் நொந்துபோவார். அடுத்த முறை சாவியும் கிடைக்காது.

8. மற்றவை

பாதி வழியில் நிறுத்தி, கூட வந்தவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் உட்காருங்கள். தலை கூரையில் இடிக்கிறதா, முழங்கால் முன்னிருக்கையில் முட்டுகிறதா என்று பாருங்கள். குழந்தை இருக்கை வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவந்து ஐசோஃபிக்ஸ் கொக்கிகளில் மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது. டிக்கியின் கொள்ளளவைவிட அதன் வாய் எவ்வளவு அகலம் என்பதுதான் செடானில் முக்கியம். ஸ்பேர் டயர் முழு அளவா, ஒல்லியானதா, அல்லது வெறும் பஞ்சர் ஒட்டும் பொருளா என்று மூடியைத் தூக்கிப் பாருங்கள். இன்ஜினுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் கட்டாயமா, பரிந்துரையா என்பதை எரிபொருள் மூடியில் படியுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

9. திரும்பி வந்த பிறகு

காரை நிறுத்தியதும் மேசைக்குப் போகாதீர்கள். இருக்கையிலேயே உட்கார்ந்து, பிடித்தது, பிடிக்காதது, சந்தேகம் என்று மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் பேச்சு தவணைக்கும் தள்ளுபடிக்கும் மாறிவிடும். 'இன்று மட்டும்தான் இந்த விலை' என்பதை, எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டால் அநேகமாக நாளைக்கும் அதே விலை இருக்கும்.

அதே மாடலின் சாதாரண வகையையும் ஒருமுறை ஓட்டுங்கள். ஸ்போர்ட்டி வகைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் எதற்கு என்பதை அதுதான் காட்டும். சிலருக்கு அந்த வேறுபாடு உயிர். சிலருக்கு, மென்மையான டயரும் மீதிப் பணமும் மேல் என்று தோன்றும். போட்டிக் காரையும் இயன்றால் அதே நாளில், அதே பாதையில்.

வாங்குவது என்று ஏறக்குறைய முடிவான பிறகு, இருட்டிய பின் இரண்டாவது முறை கேளுங்கள். முகப்பு விளக்கு வளைவின் உள்பக்கத்தைக் காட்டுகிறதா, திரையின் வெளிச்சத்தை வேண்டிய அளவு குறைக்க முடிகிறதா, டேஷ்போர்டின் பளபளப்பு கண்ணாடியில் பிரதிபலிக்கிறதா என்பதெல்லாம் பகலில் தெரியாது. இரண்டாவது ஓட்டத்துக்கு மறுக்கும் ஷோரூம் என்றால், அதே காரை விற்கும் வேறொரு ஷோரூமில் கேட்டுப் பாருங்கள். இம்முறை ஸ்போர்ட் மோடைத் தொடவே வேண்டாம். அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் நேரத்தில், நெரிசலில், அலுத்த உடம்போடு ஓட்டுங்கள்.